ஏரிக்கரை அடுப்புகள் அணைந்த வருஷம்

பகல் வெளிச்சத்தில் அந்த நெருப்பு கண்ணுக்கே தெரியவில்லை.

குழாயைத் திருகிவிட்டு, தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோனேன். ‘பப்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். சமையலறை நிறைய ஆட்கள். எல்லோரும் அடுப்பையே பார்க்கிறார்கள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ரத்னம்மாதான் உள்ளங்கையை மெல்ல நீட்டினாள். சட்டென்று இழுத்துக்கொண்டாள். முகத்தில் சிரிப்பு பரவியது.

“சுடுதுக்கா” என்றாள்.

ஜன்னல் கதவைச் சாத்தச் சொன்னேன். இருட்டானதும் நீலமாக ஒரு வளையம் தெரிந்தது. புகை இல்லை, கரி இல்லை. பின்னால் நின்றவர்கள் எம்பி எம்பிப் பார்த்தார்கள். ரத்னம்மாவின் வீட்டுக்காரர் முனிராஜ் மட்டும் வாசலை விட்டு உள்ளே வரவில்லை. சாணியிலிருந்து வந்த நெருப்பில் பொங்கின சோற்றைத் தான் தொடப்போவதில்லை என்று அவர் முந்தின வாரமே சொல்லியிருந்தார்.

மொபெட்டும் நானும்

இந்தத் தொடரில் இதுவரை என் பள்ளிக்கூடம், தர்மபுரிப் பக்கத்து எங்கள் கோயில் தெரு, அப்பாவின் தையல் கடை என்று வந்துகொண்டிருந்தேன். இனி உத்தியோகக் கதை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒசூர்ப் பக்கம் ஊர் நல அலுவலராக என்னைப் போட்டார்கள். பெயர்தான் அலுவலர். ஜனங்கள் கிராம சேவிகா என்ற பழைய வழக்கப்படி ‘சேவிகாம்மா’ என்றே கூப்பிட்டார்கள்.

முதலில் என்னைத் தாக்கியது குளிர். தர்மபுரிக்காரிக்கு மார்கழி என்றால் கோலம் போடுகிற மாதம். ஒசூரில் அது கைவிரல் மரத்துப்போகிற மாதம். காலையில் மொபெட்டை எடுத்தால் கெலமங்கலம் போய்ச் சேர்வதற்குள் காதில் வலி எடுக்கும். வழியெல்லாம் பனி. பனிக்குள்ளிருந்து மல்பெரித் தோட்டத்து ஆட்கள் தலையில் துண்டு சுற்றிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே வருவார்கள்.

இன்னொரு பக்கம் தொழிற்பேட்டை வளர்ந்துகொண்டிருந்தது. போன மாதம் கேழ்வரகு விளைந்த இடத்தில் இந்த மாதம் காம்பவுண்டு சுவர் நிற்கும். மூக்கண்டப்பள்ளியில் வீட்டுக்குப் பின்னால் இடம் வைத்திருந்தவர்கள் எல்லாம் வரிசை வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டார்கள். திருநெல்வேலிப் பேச்சு, மதுரைப் பேச்சு, தஞ்சாவூர்ப் பேச்சு எல்லாம் ஒரே குழாயடியில் கேட்கும். உள்ளூர்க்காரர்கள் வீட்டில் தெலுங்கும், சந்தையில் கன்னடமும், என்னைப் போன்ற ஆபீஸ் ஆட்களிடம் தமிழும் பேசினார்கள். சண்டை என்று வந்தால் மூன்றும் சேர்ந்து வரும்.

நான் வந்த வேலை சாண எரிவாயு. ஜனங்கள் வாயில் ‘கோபர் கேஸ்’. தரைக்குள் ஒரு வட்டக் குழி, மேலே கவிழ்த்துவைத்த இரும்பு டிரம். சாணியையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கரைத்து ஊற்றினால், உள்ளே புளித்து, வாயு மேலே ஏறி டிரம்மைத் தூக்கும். அது குழாய் வழியாக அடுப்புக்கு வரும். வாயு போன பிறகு மிஞ்சும் கரைசல் நல்ல எரு.

சொல்வதற்குச் சுலபம். யாரும் கேட்கிற மாதிரி இல்லை.

விறகு

ஏன் கேட்கவில்லை என்று இப்போது யோசித்தால், விறகு அப்போதும் கிடைத்துக்கொண்டிருந்தது என்பதுதான் காரணம். ஆனால் ஒவ்வொரு வருஷமும் அது இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிற்று. பெண்கள் விடிகாலையில் கிளம்பி வெயில் ஏறின பிறகு தலைச்சுமையோடு திரும்புவார்கள். நிழல் தந்த சாலைப் புளியமரங்கள் ரோட்டை அகலமாக்கும்போது விழுந்தன. கிளைகளுக்கு அடிதடி நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில் டின்களை வரிசையாக வைத்துவிட்டு ஆட்கள் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள்.

ரத்னம்மாவின் கண்கள் எப்போதும் சிவந்தே இருக்கும். என் வயதுதான் அவளுக்கும். தெலுங்கு பேசுகிற குடும்பம். மூக்கண்டப்பள்ளியைத் தாண்டி ஏரியை ஒட்டின ஒரு சின்ன ஊர். அந்த ஊரின் பெயர் இங்கே வேண்டாம். நாலைந்து கறவை மாடுகள், கொஞ்சம் மல்பெரி, ஓட்டு வீடு. முனிராஜ் பக்கத்து முலாம் பட்டறையில் காவல்காரர். இரும்புச் சாமானுக்குப் பளபளவென்று மேல்பூச்சு போடுகிற சின்ன ஷெட் அது. பெரிய கம்பெனிகளுக்கு வேலை எடுத்துச் செய்வார்கள்.

நான் பேசி முடித்ததும் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “புகை வராதுன்னு நெஜமாத்தான் சொல்றீங்களா?”

வராது என்றேன். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் அன்றைக்கே இடம் காட்டிவிட்டாள்.

முனிராஜின் பட்டினி

அடுப்பு எரிந்த அன்றைக்கு அவர் வாசலில் நின்றதைச் சொன்னேன். சொன்னபடியே வீட்டில் சாப்பிடாமல் இருந்தார். பட்டறை எதிரே இருந்த கடையில் பன்னும் டீயுமாகப் பொழுதை ஓட்டினார். ரத்னம்மா கெஞ்சவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. சாமிக்குப் படைக்கிற பொங்கலுக்காக வெளியே பழைய விறகடுப்பை அப்படியே விட்டுவைத்தாள். வீட்டுக்குள் தன் பாட்டுக்குக் களி கிண்டினாள்.

பிறகு அடைமழை பிடித்தது. ஊரில் ஒரு வீட்டிலும் விறகு எரியவில்லை. நனைந்து நடுங்கி வந்த மனிதர் நேராக அடுப்பங்கரைக்குப் போய் நின்றார். அவள் வெந்நீர் போட்டுக் கொடுத்தாள். அடுத்தது காப்பி. அதற்கடுத்தது களியும் கீரைக் குழம்பும். இதை அவள் என்னிடம் சொன்னபோது, சிரிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்த ஒரு வீட்டைப் பார்த்து ஏரிக்கரையில் மற்றவர்களும் குழி தோண்டினார்கள். மேட்டில் தனியாக இருந்த கௌரம்மாவும் தோண்டினாள். கௌரம்மா கன்னடக்காரி, வாய்க்காரி. ரத்னம்மாவின் கன்றுக்குட்டி ஒருநாள் தன் மல்பெரியை மேய்ந்துவிட்டது என்று வருஷக்கணக்காக அவளோடு பேச்சுவார்த்தை இல்லை. குளிர்காலத்தில் வாயு குறையும்போது கேழ்வரகுத் தாளை டிரம்மைச் சுற்றிக் கட்டி வைப்போம். தூரத்திலிருந்து பார்த்தால் கொட்டகைக்குக் கொட்டகை யாரோ கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

என் வாழ்க்கையில் நான் மிகவும் கர்வத்தோடு நடமாடிய காலம் அதுதான். மாலையில் அந்த ஊர்க் கூரைகளின் மேல் புகை இருக்காது. அதைப் பார்ப்பதற்காகவே மொபெட்டைச் சுற்றுவழியில் ஓட்டிக்கொண்டு போவேன்.

ஒவ்வொன்றாக

சில வருஷங்கள் போயிருக்கும். ஒரு காலை ரத்னம்மா ஒன்றிய ஆபீசுக்கே வந்துவிட்டாள். அடுப்பு எரியவில்லை. டிரம் தரையோடு உட்கார்ந்துவிட்டது.

கொத்தனாரைக் கூட்டிப் போனேன். டிரம்மில் ஓட்டை இல்லை. குழாயில் அடைப்பு இல்லை. புதுச் சாணி கரைத்து ஊற்றிப் பார்த்தோம். பலன் இல்லை. குழிக்குள் குச்சியை விட்டுக் கிளறினால் குமிழி வர வேண்டும். கரைசல் கிணற்றுப் பாசி மாதிரி அசையாமல் கிடந்தது.

அடுத்த வாரம் பக்கத்து வீடு. அதற்கடுத்து இன்னொன்று. ஏரிக்கரையில் அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பெண்கள் திரும்பவும் விறகுக்குக் கிளம்பினார்கள். என் மொபெட் சத்தம் கேட்டால் முன்பெல்லாம் மோர் கொண்டு வருவார்கள். இப்போது கதவைச் சாத்திக்கொண்டார்கள். கவர்ன்மெண்டு மட்டமான டிரம்மைத் தள்ளிவிட்டது, அந்த அம்மாவும் அதற்கு உடந்தை என்று பேச்சு. ஆபீசில் மேலதிகாரி, பராமரிப்பு சரியில்லை என்று எழுதிக் கோப்பை முடித்துவிடச் சொன்னார்.

மேட்டில் கௌரம்மா வீட்டு அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

ரத்னம்மா வீட்டுக் கொட்டகையில் அவளும் நானும் உட்கார்ந்து இதையே பேசினோம். அதே கொத்தனார், அதே டிரம், அதே மேய்ச்சல். கௌரம்மாவுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? ரத்னம்மா தன் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாணி கரைக்கிற கை. விரலிடுக்கில் தோல் வெடித்திருந்தது.

“அவ கெணத்துத் தண்ணியில கரைக்கறா. நாம ஏரித் தண்ணி” என்றாள்.

இரண்டு பேரும் எழுந்து ஏரிக்குப் போனோம். வாய்க்கால் வந்து சேர்கிற மூலையில் தண்ணீர் லேசான மஞ்சளாக இருந்தது. ஓரத்தில் நுரை. நாக்கில் இரும்பை வைத்த மாதிரி ஒரு வாடை. அந்த வாய்க்கால் முலாம் பட்டறையின் பின்சுவரிலிருந்து வருகிறது.

இரண்டு பலூன்கள்

பயிற்சியின்போது எங்களுக்கு ஒரு செய்முறை காட்டியிருந்தார்கள். கெலமங்கலம் சந்தையில் இரண்டு பலூன் வாங்கினேன். வாய் குறுகின இரண்டு பாட்டில்களில் ஒரே மாட்டின் சாணி. ஒன்றில் கௌரம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் ஏரித் தண்ணீர். வாயில் பலூனைக் கட்டி வெயில் படுகிற இடத்தில் வைத்தோம்.

கிணற்றுத் தண்ணீர்ப் பலூன் சில நாளில் மெல்லத் தலை தூக்கியது. பிறகு நிமிர்ந்து நின்றது. ஏரித் தண்ணீர்ப் பலூன் வாடின பூ மாதிரி தொங்கிக்கொண்டே இருந்தது.

ஊர்ப் பெண்கள் வந்து பார்த்தார்கள். ஒருத்தி தன் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, இந்தத் தண்ணீரைத்தானே மாடும் குடிக்கிறது என்று கேட்டாள்.

நான் ஆபீசில் சொன்னேன். தொழிற்பேட்டை நம் அதிகாரத்தில் வராது என்றார்கள். வேறு ஆபீசுக்கு எழுதினேன். பட்டறைக்கே போனேன். முதலாளி பெங்களூரிலிருந்து வாரம் ஒருமுறை வருகிறவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. தண்ணீரைச் சுத்தம் செய்யத் தொட்டி கட்டுகிற அளவுக்குத் தனக்கு வருமானமில்லை, கட்டினால் ஷெட்டை மூட வேண்டியதுதான், இத்தனை பேர் பிழைப்பு போய்விடும் என்றார். நான் வெளியே வந்தபோது முனிராஜ் கேட்டில் உட்கார்ந்திருந்தார். எப்போதும் எழுந்து கும்பிடுகிறவர், அன்றைக்கு என் முகத்தைப் பார்க்கவில்லை.

கேட்டில்

செத்துப்போன குழியை எப்படியும் காலி செய்தாக வேண்டும். ஒரு காலையில் ரத்னம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் குழிகளிலிருந்து கெட்டிப்பட்டுப்போன கரைசலைக் கூடை கூடையாக அள்ளினார்கள். எருக்குழிக்குப் போவார்கள் என்று நினைத்தேன். வரிசை பட்டறையைப் பார்த்துத் திரும்பியது. நானும் பின்னால் ஓடினேன்.

பட்டறையின் பின்சுவருக்குப் போகிற ஒற்றையடிப் பாதை கேட்டை ஒட்டித்தான் போகும். பாதையை மறித்து முனிராஜின் சைக்கிள் நின்றிருந்தது. அவர் எழுந்து வந்தார்.

“ரத்னா, இங்க வேணாம். ஊட்டுக்குப் போ.”

“குழிய காலி பண்ணச் சொன்னது நீதானே?”

“இங்க கொட்டவா சொன்னேன்?”

“எங்கிருந்து வந்துச்சோ அங்கயே கொட்டறேன்” என்றாள் அவள். கூடையிலிருந்து கரைசல் சொட்டி அவள் தோளில் வழிந்துகொண்டிருந்தது.

அவர் பட்டறைக் கேட்டைத் திரும்பிப் பார்த்தார். அது அவர் பிழைப்பு. மாதச் சம்பளம் என்ற ஒன்றை அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பார்த்தவர் அவர். பிறகு சைக்கிளின் ஸ்டாண்டை எடுத்து, அதை நகர்த்திச் சுவரோரம் சாய்த்து வைத்தார். பெண்கள் போனார்கள்.

பின்சுவரில் குழாய் வெளியே வருகிற இடத்தில் கூடைகளைக் கவிழ்த்தார்கள். மேலே வைக்கோல், அதற்கும் மேலே கல். மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. வெளியேற வழியில்லாமல் தண்ணீர் ஷெட்டுக்குள்ளேயே ஏறி, வேலை நின்றுவிட்டது.

மறுநாள் முதலாளி காரில் வந்து இறங்கினார். யார் செய்தது என்று கேட்டதற்கு, “என் சம்சாரங்க” என்றாராம் முனிராஜ். நீ எங்கே போயிருந்தாய் என்றதற்கு, “இங்கதாங்க இருந்தேன்” என்றாராம். அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

அவர் சொன்னது

வேலை போனதைக்கூட ரத்னம்மா தாங்கிக்கொண்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவர் சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. முலாம் போட்டு மிஞ்சின தொட்டித் தண்ணீரை எல்லா நாளும் திறப்பதில்லை. மழை வருகிற நாளில் மூடியைத் திறந்துவிடச் சொல்வார்கள், மழையோடு மழையாகப் போய்விடும் என்று. திறக்கிற வேலை காவல்காரருடையது.

இரண்டு நாள் கழித்து நான் போனபோது அவள் கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“எங்கூட்டு அடுப்ப அவரே அணைச்சிருக்காருக்கா” என்றாள்.

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு மாடு எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே அசை போட்டது.

வெகுநாள் அந்த வீட்டில் பேச்சே இல்லை. அவர் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஏரிக்கு எதிர்த்திசையில் மேய்ச்சலுக்குப் போவார். குடிப்பதற்கு மேட்டில் இருந்த பொதுக் கிணற்றிலிருந்து சைக்கிளில் குடம் கட்டிக் கொண்டுவருவார். அவள் கேட்டு அல்ல.

உறை

அடைப்பு வேலை செய்தது. ஷெட்டுக்குள் தண்ணீர் ஏறிய செய்தி பரவி, மாவட்டத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். வாய்க்கால் தண்ணீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டு போனார்கள். எழுத்தும் பதில் எழுத்துமாக நாள் ஓடியது. கடைசியில் அந்த வரிசையிலிருந்த சின்னப் பட்டறைகள் சேர்ந்து கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்யப் பொதுவாகச் சுண்ணாம்புத் தொட்டி கட்டின. ஒரு பட்டறை தாக்குப்பிடிக்க முடியாமல் மூடியேவிட்டது. அங்கே வேலை பார்த்து, ரத்னம்மாவின் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த திருநெல்வேலிக் குடும்பம் ஊருக்குப் பெட்டி கட்டியது. அந்த வீட்டம்மாள் போகும்போது என்னிடம் முகம் கொடுக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

குழிகளைக் கழுவி மறுபடி நிரப்பினோம். முதல் வாயு வர நாள் பிடிக்கும். வேறு ஒரு நல்ல குழியிலிருந்து கொஞ்சம் உயிருள்ள கரைசல் ஊற்றினால் சீக்கிரம் வரும், பாலுக்கு மோர் உறை ஊற்றுகிற மாதிரி. ஊரில் உயிரோடு இருந்த ஒரே குழி கௌரம்மாவுடையது. பேச்சு இல்லாத வீட்டில் போய்க் கேட்பது யார்?

முனிராஜ் போனார். மேட்டு வீட்டு வாசலில் நின்று கன்னடத்தில் கேட்டாராம். கௌரம்மா கன்றுக்குட்டிக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்துத் திட்டித் தீர்த்தாளாம். அவர் முழுவதையும் நின்று கேட்டார். கடைசியில் அவளே ஒரு குடத்தில் மொண்டு கொடுத்தாள். அதைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வந்தார். குழி வாயில் ஊற்றினார். ரத்னம்மா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெளியே வந்து, கை கழுவ அவருக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

கல்லாவிக்கு வந்த கேன்

தொண்ணூறுகளில் என்னை ஊத்தங்கரைப் பக்கம் மாற்றினார்கள். கல்லாவியில் ஒரு விவசாயி வீட்டில் குழி கட்டினோம். வாயு வரத் தாமதமானது. அந்த மனிதர் பொறுமை இழந்துகொண்டிருந்தார். ரத்னம்மாவின் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிப் போன ஒரு ஆசிரியையிடம் பேச்சுவாக்கில் இதைச் சொல்லியிருந்தேன். அவர் ரத்னம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

ஒரு மதியம் கல்லாவியில் பஸ்ஸிலிருந்து முனிராஜ் இறங்கினார். முடி பாதி நரைத்திருந்தது. கையில் மூடி போட்ட பால் கேன். மூடியைச் சுற்றித் துணி வைத்து ரத்னம்மா இறுக்கிக் கட்டியிருந்தாள். அப்படியும் வாடை தெரிந்தது. கண்டக்டர் என்ன என்று கேட்டதற்கு ‘உறை’ என்று சொல்லியிருக்கிறார். கிருஷ்ணகிரி வரைக்கும் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லையாம். அதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது.

ரத்னம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறாள், கண் சிவப்பதில்லை என்றார். ஏரி? நுரை இல்லை, மழைக்குப் பிறகு ஊர் மாடுகள் குடிக்கின்றன, ஆனால் ரத்னம்மா தன் மாடுகளை இன்னும் விடுவதில்லை என்றார். பட்டறையில் அவரைத் திரும்பக் கூப்பிட்டார்களாம். போகவில்லையாம்.

விவசாயி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வீட்டுக்காரர் குழியின் வாயைத் திறந்துவிட்டு, ஊற்றச் சொல்லிக் கை காட்டினார். முனிராஜ் கேனைக் கீழே வைத்தார். மூடியை அவிழ்க்கவில்லை.

“சாணி கரைக்க எந்தத் தண்ணிங்க?” என்று கேட்டார்.

வீட்டுக்குப் பின்னால் கிணறு என்றார் விவசாயி. கிணற்றுக்கு மேற்கே என்ன இருக்கிறது? கடலைக் கொல்லை. அதற்கும் அந்தப் பக்கம்? பாறைக் கரடு. கம்பெனி ஏதாவது? இங்கே என்ன கம்பெனி என்று சிரித்தார் அந்த மனிதர்.

முனிராஜ் சிரிக்கவில்லை. பின்பக்கம் நடந்துபோய் வாளியைக் கிணற்றில் இறக்கி, தண்ணீர் சேந்தினார். வெயில் படும்படி உள்ளங்கையில் ஏந்தி நிறம் பார்த்தார். முகர்ந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, அது தொண்டையில் இறங்கும்வரை நின்றார். இன்னொரு கை அள்ளிக் குடித்தார்.

பிறகு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு குழிக்குத் திரும்பி வந்து, கேன் மூடியில் ரத்னம்மா போட்டிருந்த முடிச்சை அவிழ்த்தார்.

“நல்ல தண்ணிங்க. ஊத்தலாம்” என்றார்.